கரிநாளும் ‘டிஸ்மல்’ என்னும் சொல்லும்



விழா நாளில் சோர்வைக் குறிக்கும் சொல் ஒன்றை உரைப்பொருளாகக் கொள்வது தகுமா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே வாழ்ந்து எழுதுவோருக்கு அந்த ஐயம் எழாது. இப்பகுதியைப் பற்றி வெளியார் எழுதும்போது புகை, இருள், சோர்வு ஆகிய மூன்றும் அழையாமலே வந்து முன்வரிசையில் அமர்ந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இம்மூன்றையும் ஒருசேரச் சொல்ல ஒற்றைச் சொல்லே இருக்கிறது. ‘டிஸ்மல்’ என்பது அது.

ஒளியற்ற, ஊக்கமற்ற, மனத்தை அழுத்துகின்ற என்றெல்லாம் அதற்குப் பொருள் கூறலாம். அடைமழைக் காலத்து வானமும் டிஸ்மல். தோற்ற அணியின் ஆட்டமும் டிஸ்மல். புகைபோக்கிகளின் அடியில் அமைந்த குடியிருப்பும் டிஸ்மல். பேச்சுத் தமிழுக்குள் இச்சொல் வரவில்லை. வந்தது ‘டல்’ என்னும் மற்றொரு சொல். காசிமேட்டில் மீன்வரத்துக் குறைந்தால் வியாபாரம் டல். பிள்ளை வாடியிருந்தால் முகம் டல். ‘மப்பு’ என்னும் தமிழ்ச்சொல் எதிர்த்திசையில் பயணம் செய்தது. மப்பும் மந்தாரமுமாக வானத்தில் இருந்தது, சென்னைத் தெருவில் இறங்கிக் குடித்தவன் தலைக்குள் புகுந்துகொண்டது. வானிலையைக் குறிக்கும் சொற்கள் மனநிலைக்கு மாறுவது எம்மொழிக்கும் பொது. ‘டிஸ்மல்’ என்பதன் பிறப்போ இவற்றினின்றும் வேறுபட்டது. அது வானிலையிலும் தோன்றவில்லை, மனநிலையிலும் தோன்றவில்லை. பஞ்சாங்கத்தில் தோன்றியது.

இலத்தீன் மொழியில் ‘தியெஸ் மாலி’ என்றால் தீய நாள்கள் என்பது பொருள். இடைக்கால ஐரோப்பியர் தம் நாள்காட்டிகளில் மாதத்துக்கு இரண்டாக ஆண்டுக்கு இருபத்து நான்கு நாள்களைத் தீயன என்று குறித்து வைத்திருந்தனர். அந்நாள்களில் பயணம் தொடங்குவதில்லை. நோயாளிக்குக் குருதி வடிப்பதில்லை. எகிப்திய வானநூலார் கணித்துத் தந்தவை என்னும் நம்பிக்கையால் இவற்றுக்கு ‘எகிப்திய நாள்கள்’ என்றும் பெயர் வழங்கியது. இங்கிலாந்தை ஆண்ட நார்மானியரின் பிரெஞ்சு வழக்கில் இலத்தீன் தொடர் ‘டிஸ் மால்’ எனத் தேய்ந்து, ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது. தொடக்கத்தில் அது பெயர்ச்சொல். ‘டிஸ்மலில் நடந்தது’ என்றால் ‘கெட்ட நாளில் நடந்தது’ என்று பொருள்.

பதினான்காம் நூற்றாண்டில் சாசர் எழுதிய ‘சீமாட்டியின் நூல்’ என்னும் இரங்கற் காவியத்தில் இச்சொல் அவ்வாறே வருகிறது. கறுப்புடை அணிந்த வீரன் ஒருவன், தன் காதலைச் சொல்ல முற்பட்ட நாளை நினைத்து, அது டிஸ்மலாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்கிறான். உடனே எகிப்தைத் தாக்கிய பத்துக் கேடுகளையும் அதனோடு சேர்த்துச் சொல்கிறான். பிரெஞ்சில் ‘டிஸ்’ என்பது பத்து என்றும் ஒலிக்கும் ஆதலால் இது சிலேடையாகவும் இருக்கலாம், தவறான சொற்பிறப்பாகவும் இருக்கலாம். எப்படியாயினும், சொல்லுக்குள் நாள் ஒளிந்திருப்பது அப்போதே மங்கத் தொடங்கிவிட்டது என்பது தெரிகிறது. பின்னர் மக்கள் ‘டிஸ்மல் நாள்’ என்று சொல்லலாயினர். நாளுக்குள் இன்னொரு நாள்! ‘நடு சென்டர்’ என்று சொல்லும் நம் தெருக்களுக்கு இது புதிதன்று. பெயர்ச்சொல் அடைமொழியாகத் தேய்ந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் நாள்காட்டியோடு இருந்த உறவு அறுந்து, எந்தப் பொருளோடும் எந்த முகத்தோடும் சேர்ந்து வாழும் பொதுச்சொல்லாகிவிட்டது. தேதி உதிர்ந்து துயரம் மட்டும் எஞ்சியது.

தமிழில் இதற்கு நேரான சொல் அகராதியில் தேடிக் கண்டெடுக்க வேண்டிய ஒன்றன்று. தினசரி நாள்காட்டியிலேயே இருக்கிறது. கரிநாள். தமிழ் மாதம் ஒவ்வொன்றிலும் சில தேதிகள் கரிநாள் எனக் குறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுக்கு முப்பதுக்கும் மேல். விண்மீனோ திதியோ இவற்றை நகர்த்துவதில்லை. ஆண்டுதோறும் அதே தேதி. திருமணமும் புதுமனை புகுதலும் அன்று இல்லை. வியப்புக்குரியது என்னவெனில், தை மாதத்தின் முதல் மூன்று நாள்களும் கரிநாள்களே. தமிழர் தம் ஆண்டின் தலையாய விழாவைக் கெட்ட நாளில்தான் கொண்டாடுகின்றனர்! சில ஊர்களில் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளின் பெயரே கரிநாள். அன்று வீட்டில் கறி சமைப்பது வழக்கமாதலின், வல்லின றகரமும் இடையின ரகரமும் அன்று ஒரே இலையில் உண்கின்றன. தீய நாளை இப்படிச் சோற்றால் வென்ற மக்களைச் சோர்வுற்றவர் என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

ஐரோப்பியரின் பழைய பட்டியலிலும் ஜனவரி முதல் நாள் தீய நாளே. பிப்ரவரி 4 என்பதும் அதில் உண்டு. இலங்கை 1948இல் விடுதலை பெற்ற அந்தத் தேதியை ஈழத்தமிழர் பலர் கரிநாள் என்று அறிவித்துக் கடைப்பிடித்து வந்துள்ளனர். தேதிகள் ஒத்துப்போனது தற்செயல்தான். அதற்கு மேல் அதில் எதுவும் தேட வேண்டியதில்லை. கருதத்தக்கது சொல்லின் போக்கு. ஆங்கிலத்தில் தேதியை இழந்து மனநிலையாக மெலிந்த சொல்லுக்கு இணையான தமிழ்ச்சொல், தேதியை விடாமல் பற்றிக்கொண்டு, சோதிடத்திலிருந்து அரசியலுக்கு நடந்து வந்திருக்கிறது. இன்ன நாளில் இன்னது நிகழ்ந்தது என்று நினைவூட்டும் ஆற்றல் அதனிடம் இன்னும் இருக்கிறது.

தேதியை இழந்த சொல் யார் கைக்கும் கருவியாகும் என்பதற்கு ஆங்கிலத்திலேயே இரண்டு சான்றுகள் உண்டு.

பொருளாதாரத்தை ‘டிஸ்மல் விஞ்ஞானம்’ என்று சொல்வது உலக வழக்கு. மக்கள்தொகை பெருகும், உணவு போதாது என்று மால்தஸ் எழுதியதைக் கண்டு மனம் நொந்து தாமஸ் கார்லைல் இப்பெயரை இட்டார் என்று பலரும் நம்புகின்றனர். உண்மை வேறு. 1849இல் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின மக்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே கார்லைல் அத்தொடரை ஆண்டார். விடுதலை பெற்ற அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் முன்போல் உழைக்க மறுத்தனர். அவர்களை வலிந்து உழைக்கச் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். தேவையும் வழங்கலும் பார்த்துக்கொள்ளும், மனிதரை அவர் போக்கில் விடுங்கள் என்றனர் பொருளியலார். அவ்வாறு விடச் சொன்னதற்காகத்தான் அவர்களுடைய துறை டிஸ்மல் ஆயிற்று. அடிமையின் இருளை ஒளி என்றும், விடுதலையின் ஒளியை இருள் என்றும் சொல்ல அந்த அடைமொழி இசைந்து கொடுத்தது.

இக்கதை கடலுக்கு அப்பால் நடந்ததன்று. அடிமைகள் விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய கடற்கரைகளுள் ஒன்று இந்தச் சென்னைக் கடற்கரை. 1834க்குப் பின் மொரீசியசுக்கும், 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ கப்பலில் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரும் தெலுங்கரும் ஏறிச் சென்றனர். ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அந்தத் தேதியைத் தென்னாப்பிரிக்க இந்தியர் இன்றும் மறக்கவில்லை.

இரண்டாவது சான்று ஒரு சதுப்பு நிலம். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத்தில் சதுப்பு நிலங்களையே ‘டிஸ்மல்’ என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் இடையே கிடக்கும் பெருஞ்சதுப்பின் பெயர் இன்றும் ‘கிரேட் டிஸ்மல் ஸ்வாம்ப்’. 1728இல் எல்லைக்கோடு அளக்கச் சென்ற வில்லியம் பயர்ட் அதை இழிந்த இடமாகவே எழுதி வைத்தார். பின்னாளில் நாட்டின் முதல் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன், 1763இல் அதை வடித்து உழவு நிலமாக்கப் புறப்பட்ட கூட்டாளிகளுள் ஒருவர். ஆயினும் அச்சதுப்பு தப்பியோடிய அடிமைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வீடாக இருந்தது. ஆண்டைக்கு டிஸ்மல், ஒளிந்து வாழ்ந்தவனுக்கு உயிர். லாங்ஃபெலோ 1842இல் அப்படி ஒளிந்த ஒருவனைப் பற்றிக் கவிதை எழுதினார். 1974இல்தான் அச்சதுப்பு காட்டுயிர்க் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

எண்ணூர்க் கழிமுகத்தை அறிந்தவர்க்கு இதன் பொருளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கொசத்தலை ஆறு கடலைச் சேரும் இடம் அது. அலையாத்தியும் உப்பளமும் சேற்று நிலமும் இறால் பெருகும் நீரும் கொண்ட இடம். ஒரு காலத்தில் அது ஐரோப்பியருக்கு இன்பப் புகலிடமாக இருந்தது. 1806இல் வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய் வழியே அவர்கள் நகரிலிருந்து படகில் வந்து தங்கினர். அந்தக் கால்வாய்க்குத்தான் பின்னர் பக்கிங்காம் பெயர் சூட்டப்பட்டது. பிறகு வருவாய்த்துறைப் பதிவேடு அந்த நீரையும் சேற்றையும் ‘புறம்போக்கு’ என்றது. வரி விதிக்கப்படாத, ஊர்ப்பொதுவான நிலம் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். நாளடைவில் அது உதவாதவனைத் திட்டும் சொல்லாயிற்று. நிலத்தை இழிவாக அழைத்துவிட்டால் அதில் சாம்பலைக் கொட்டுவது எளிது. டி. எம். கிருஷ்ணா 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய புறம்போக்குப் பாடல், வசைச்சொல்லாகிவிட்ட அதைப் பழைய பொருளுக்கு மீட்க முனைந்தது. ஒரு சொல்லைத் திருப்பித் தருவது கவிஞனின் வேலைதான் என்பதற்கு இவ்வட்டாரத்தில் அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அதே ஆண்டில், கழிமுகத்தைக் காட்டிய 1996ஆம் ஆண்டின் கடலோர வரைபடத்துக்கும் அதைக் காட்டாத பிறிதொரு வரைபடத்துக்கும் இடையிலான முரண்பாடும் பொதுவெளியில் பெரும் விவாதமாயிற்று. முகத்துவாரக்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் சிவன்படைக்குப்பத்திலும் வலைவீசி வாழ்ந்தவர்க்கு, தங்கள் ஆறு வரைபடத்தில் இருக்கிறதா இல்லையா என்பதே வழக்காகிவிட்டது.

இனித் தமிழ்ப் பொருளிலக்கணத்தின் பக்கம் திரும்பலாம். இப்பகுதி முழுவதும் நெய்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். சிறுபொழுது கதிர் சாயும் எற்பாடு. ஐரோப்பியர் துயரத்தை நாள்காட்டியில் வைத்தனர்; பழந்தமிழர் அதை நிலத்திலும் பொழுதிலும் வைத்தனர். தலைவியின் இரக்கம் ஒருபோதும் வெறுவெளியில் நிற்பதில்லை. உப்பு வண்டி போகும்; புன்னை நிழல் இருக்கும்; நாரை மீனுக்குக் காத்திருக்கும். பொழுது இன்னதென்று தெரியும். கருப்பொருள் இல்லாத இரங்கலைச் சங்கப் புலவர் எழுத அஞ்சினர் என்றே சொல்லலாம்.

வடசென்னைக் கவிதை என்று இன்று அறியப்படுவதில் ஒரு பகுதி அந்த அச்சத்தை இழந்துவிட்டது என்பது வருத்தத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று. இருள், புகை, சாம்பல், கறுத்த வானம். எந்த இருள், எந்த ஆலையின் புகை, எந்தத் தெருவில் விழுந்த சாம்பல் என்று கேட்டால் கவிதையில் விடை இல்லை. அக்கவிதையை மான்செஸ்டரிலும் வைக்கலாம், ஜாம்ஷெட்பூரிலும் வைக்கலாம். வெளியார் ‘டிஸ்மல்’ என்று தூவிச் செல்வதைத்தான் இக்கவிதைகள் தமிழில் தூவுகின்றன. இதே தெருக்களில் சாவு வீட்டில் பாடப்படும் மரண கானா இப்பிழையைச் செய்வதில்லை. இறந்தவரின் பெயர் அதில் வரும், தெரு வரும், என்ன வேலை பார்த்தார், யாரை விட்டுச் சென்றார் என்பதும் வரும். யாப்பு தளரலாம், மெட்டு திரைப்படத்திலிருந்து வந்திருக்கலாம். ஆனால் அந்த இரங்கல் வேறு எவருக்கும் பொருந்தாது.

‘கரி’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். நாள்காட்டியில் அது தீமை. ராயபுரத்தில் அது எரிபொருள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டபோது இழுத்தது நீராவி. அன்று தொடங்கி இரயிலும் கப்பலும் மின் நிலையமும் உண்ட நிலக்கரி இக்கரை வழியே வந்தது. 1970இல் மின்னாக்கத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அதைவிடப் பன்மடங்கு பெரிய நிலையங்கள் எழுந்துவிட்டன. துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளில் உலர்த்திய துணிமீதும் மூடிவைக்காத சோற்றின்மீதும் கரித்தூள் படிவதாக மக்கள் முறையிட்டு வந்தனர். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாளக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2011 அக்டோபர் முதல் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ராயபுரத்துக்கு அது நல்ல நாள். கரியோ மறையவில்லை; வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்கு நகர்ந்தது. ஒரு தெருவின் நன்னாள் பத்துக் கல் தொலைவில் இன்னொரு தெருவுக்குக் கரிநாளாவதை எந்தப் பஞ்சாங்கமும் கணிப்பதில்லை.

எண்ணூருக்கு அப்படிப்பட்ட தேதிகள் பல. 2017 ஜனவரி 28: துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையொதுங்கி, இளைஞர்கள் வாளிகளால் அதை அள்ளினர். 2023 டிசம்பரின் முதல் வாரம்: மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றில் பரவிப் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டியது. அதே மாதம் 26: பெரியகுப்பத்தில் நள்ளிரவுக்கு முன் அம்மோனியா கசிந்து, ஊர் விழித்து ஓடியது. இவை தமிழ் மாதத் தேதிகள் அல்ல. ஆயினும் கரிநாள் என்னும் சொல்லுக்கு இவற்றைவிடத் தகுதியுள்ளவை எவை?

பழந்தமிழில் கரி என்பதற்கு மற்றுமொரு பொருள் உண்டு. சாட்சி. திருக்குறளில் நீத்தார் பெருமை அதிகாரத்தில் இந்திரனைச் சான்றாக்கும் இடத்தில் இச்சொல்லே நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் பூதசதுக்கத்துப் பூதம் பிடித்து உண்ணும் குற்றவாளிகளுள் பொய்க்கரியாளரும் உளர். துறைமுக நகரம் ஒன்றில் பொய்ச்சாட்சிக்கு அத்தனை கடுந்தண்டனை விதித்த காப்பியத்தை, மற்றொரு துறைமுகத்தின் அருகே வாழும் கவிஞர்கள் மீண்டும் ஒருமுறை திறந்து பார்ப்பது நலம். அடுப்புக்கரியும் சாட்சிக்கரியும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று இவ்வுரை வாதிடவில்லை. அது மொழிநூலார் தீர்க்க வேண்டியது. ஒலி ஒன்றாயிருப்பதே கவிஞனுக்குப் போதும்.

கரிக்கும் இருளுக்கும் உள்ள உறவைத் திருவொற்றியூர் முன்பே ஒரு கதையாக வைத்திருக்கிறது. பெரியபுராணம் கூறும் சுந்தரர் கதை அது. சங்கிலியாரை மணக்க விழைந்த சுந்தரர், பிரியேன் என்று சூளுரைக்க வேண்டியிருந்தது. சன்னிதியில் சூள் சொல்லும்போது இறைவன் அங்கிருந்தால் இடர் என்று அஞ்சி, அந்நேரம் மகிழ மரத்தடிக்குப் போய்விடுமாறு இறைவனிடமே வேண்டிக்கொண்டார். சாட்சியை இடம் மாற்றிவிட்டுச் சத்தியம் செய்ய நினைத்தார் என்று சுருங்கச் சொல்லலாம். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழின் அடியிலேயே சூள் கேட்குமாறு சொல்லிவிட்டார். சாட்சி இருந்த இடத்திலேயே சத்தியம் நிகழ்ந்தது. பின்னர் இளவேனிலில் ஆரூர் நினைவு எழ, சுந்தரர் புறப்பட்டார். ஒற்றியூரின் எல்லையைக் கடந்ததும் இரு கண்ணும் இருண்டன.

அந்த இருளை எங்கும் பரந்த இருளாகச் சேக்கிழார் விட்டுவிடவில்லை. அது எந்த எல்லையில் வந்தது என்று சொல்கிறார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். வெண்பாக்கத்துப் பழைய கோயில், 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தபோது கொசத்தலை ஆற்று நீரின் அடியில் போயிற்று. தெய்வத்தை மேட்டில் புதுக்கோயில் எடுத்து அமர்த்தினர். அத்தேக்கத்திலிருந்து வழியும் நீர்தான் எண்ணூரில் கடலைச் சேர்கிறது. திருவொற்றியூரில் மாசிப் பெருவிழாவின்போது, மகிழடி சேவை என்னும் பெயரில், அந்த மரத்தடியில் அந்தச் சூளுரை ஆண்டுதோறும் மீண்டும் நிகழ்த்தப்படுகிறது.